உப்பால் கீறிய சந்தி

போன மாதம் எங்கள் தில்லையடி வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தா. பிரதேச சபையில் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், பேர் நுஸ்ரத். கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஃபோனை என் பக்கம் நீட்டினா.

"சேர், பூவரசங்குடா டவுன் சென்டரத் திருத்தப் போறம். ஊராக்கள்ட கருத்து எடுக்கிறம். நீங்கதானே அந்தப் ப்ளானக் கீறின ஆள்? இத ஒருக்கா நிரப்பித் தாங்களேன்."

பார்த்தேன். பதினொரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வட்டம். விரலால் தொட்டால் வட்டம் கறுக்கும், அவ்வளவுதான் வேலை. நாலு கேள்வியை மளமளவென்று தொட்டுவிட்டு ஐந்தாவதில் நின்றேன். 'சந்தைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையிலுள்ள வெற்று நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம்? கடைத்தொகுதி. வாகனத் தரிப்பிடம். பூங்கா. வேறு.'

"வெற்று நிலமா? ஆர் சொன்ன வெற்று நிலமெண்டு?"

கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. குசினியில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தா. நான் ஓய்வு பெற்று இரண்டு வருசம், என் கோபம் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று அவ எல்லோரிடமும் சொல்லித் திரிகிறா.

நுஸ்ரத் பயப்படவில்லை. "பழைய ப்ளான்ல எல்லாத்துக்கும் பேர் இரிக்கு சேர். இந்தப் பன்னிரண்டடித் துண்டுக்கு மட்டும் ஒண்டும் எழுதல்ல. கீறினவர் எழுத மறந்துட்டாரோ எண்டு எங்கட பெரியவர் கேக்கிறார். பேர் இல்லாத இடமெண்டா குத்தகைக்குக் குடுக்க ஏலுமாம். எட்டுக் கடை வரும்."

"மறக்கல்ல மகள்."

"அப்ப என்னத்துக்கு விட்டீங்க?"

பிளேன்ரீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. இரண்டு மூன்று தரம் தொடங்கினேன், ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில். "சரி சேர், எழுதியாவது தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனா. அதுதான் எழுதுகிறேன்.

நான் முசலிப் பக்கத்து ஆள். யுத்த காலத்தில் இயக்கக்காரர் வடக்கு முஸ்லிம்களை எல்லாம் ஊரை விட்டு எழும்பச் சொன்னபோது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. வாப்பா காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தார். உம்மா குர்ஆனையும் ஒரு சட்டியையும் எடுத்தா. நான் எடுத்தது பள்ளிக்கூடத்துக் கொம்பாஸ் பெட்டியை. வீடு முழுக்கச் சாமான் இருக்க அதை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு தொழில்நுட்பக் கல்லூரியில் படம் கீறப் படித்தேன். சபையில் படவரைஞர் வேலை கிடைத்தது. முதல் ஐந்தாறு வருசம் மதகு, மலசலகூடம், மற்றவர்களின் மதில், இவைதான் என் கைவண்ணம். மை பிசகினால் பாதிச் சவர பிளேட்டை வைத்து ட்ரேசிங் தாளைச் சுரண்டுவோம். சுரண்டிச் சுரண்டி என் வலதுகைப் பெருவிரல் இன்றைக்கும் காய்ச்சுப் போய்த்தான் இருக்கிறது.

அப்புறம் மேனகா மிஸ் வந்தா.

மிஸ் சிலாபத்து ஆள், நகரத் திட்டமிடல் படித்த சிங்கள மனிசி. தமிழ் நன்றாகக் கதைப்பா. ஆனால் அது புத்தகத் தமிழ் இல்லை, மீன் சந்தையில் நின்று பிடித்த தமிழ். தமிழ் எழுத்தை மட்டும் எங்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான், ஒவ்வொரு எழுத்தாக, ஒரு முதலாம் வகுப்புக் கொப்பியில் பழகினா. மிஸ் ஒருவரையும் சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவா. ஒரு பென்சில் சீவினால் நாங்கள் கதையைக் குறைப்போம். இரண்டாவதை எடுத்தால் எழும்பி நிற்போம். மூன்றாவது பென்சில் வரைக்கும் அந்த அறையில் தாக்குப்பிடித்தவன் எவனும் இல்லை.

பூவரசங்குடா நகர மைய வேலை வந்ததும் மிஸ் என்னிடம் ஒரு அப்பியாசக் கொப்பியைத் தந்தா. மூன்று நிரல் அவவே கோடு போட்டிருந்தா. ஆர், எங்க நிண்டு சொன்னார், நேத்து என்ன செஞ்சார். அவ்வளவுதான்.

"மிஸ், விருப்பமா இல்லையா எண்டு ஒரு நிரல் வேணாமா?" என்று கேட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

"அனே ஃபரீத், சபைக் கதிரையில இருந்து கேட்டா முழு ஊரும் ஓம்தான் சொல்லும். அத எழுதி என்ன செய்ய? எங்க நிண்டு சொல்றாங்க, அதப் பாருங்க. நாளைக்கு என்ன வேணும் எண்டு கேக்க வேணாம். நேத்து என்ன செஞ்சீங்க எண்டு கேளுங்க. நேத்தப் பத்தி ஆரும் மரியாதைக்குப் பொய் சொல்ல மாட்டாங்க."

பூவரசங்குடா, கடல்நீர் உள்ளே ஏறிக் கிடக்கிற களப்பின் கரையில் இருக்கிற ஊர். தார் ரோட்டுக்கு மேற்கே பரம்பரையாக இருக்கிற மீன்பிடிக்காரர்களின் வீடுகள். தெற்கே எங்கள் ஊர் ஆட்கள், முகாமாக வந்து இறங்கி அப்படியே கிராமமாகிப் போனவர்கள். ரோட்டுக்கும் களப்புக்கும் நடுவில் சபைக்குச் சொந்தமான வெளி. அதில்தான் சந்தை, பஸ் தரிப்பிடம், கிளினிக், வாசிகசாலை எல்லாம் வரவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சண்டை சச்சரவு கிடையாது. ஒரே பள்ளிவாசல், ஒரே கடை. ஆனாலும் ஒரு கூச்சம் இருந்தது. நாங்கள் விருந்தாளிகள் மாதிரி நடந்தோம், அவர்களும் எங்களை விருந்தாளிகள் மாதிரியே நடத்தினார்கள். விருந்தாளி எத்தனை வருசம் இருப்பான் என்று இரண்டு பக்கமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆம்பிளைகளைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கண்டோம். மீன்பிடிக்காரர்களைக் கரையில், அவர்கள் கிழிந்த வலையைப் பொத்துகிற நேரம் பார்த்துப் போய்க் கண்டோம். பொம்பிளைகளோடு மத்ரஸாவுக்குள் மிஸ் தனியாக இருந்தா, நான் வெளியே யன்னலோரம் இருந்து எழுதினேன். மீன் கழுவிய தண்ணீர் ஓட வழி, உள்ளே கொக்கி போடக்கூடிய மலசலகூடம், பஸ்ஸுக்கு நிற்கும்போது வெயில் படாத இடம். கொப்பி நிறைந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பொம்பிளைகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மிஸ் தன் வழக்கத்தை விட்டு, இன்னும் பத்து வருசத்தில் உங்களுக்கு இங்கே என்ன வேண்டும் என்று நேரடியாகவே கேட்டா. ஜெமீலா ராத்தாதான் பதில் சொன்னா. எங்கள் ஊரில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா முறைக்காரி, இங்கே வந்து வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனா.

"பத்து வருசமா? அதுக்கிடையில நாங்க ஊர்ல இரிப்பம் மிஸ்."

மிஸ் அதையும் எழுதச் சொன்னா. எழுதினேன். 'நேத்து என்ன செஞ்சார்' என்ற நிரலில் என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

பிறகு நான் ப்ளான் கீற உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையில் கை அப்படி ஓடியது அந்த ஒரு தரம்தான். மூன்று ஒடுக்கமான ஒழுங்கை கொஞ்சம் சரிவாக வந்து முட்டுகிற சந்தி. சந்தியைப் பார்த்தபடி சந்தை. திரும்புகிற மூலையில் ஒரு தேத்தண்ணிக் கடை. காலை நிழல் விழுகிற பக்கம் வாசிகசாலை. அழிக்கிற றப்பர் மேசையில் சும்மா கிடந்தது. மிஸ் தாளைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா. "நல்லா இரிக்கு" என்றா. கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இரிக்கு" என்றா. கையில் பென்சில் இருந்தது, சீவவில்லை. "தாள்ல பாத்து ஆருக்கும் விளங்காது. தரையில கீறுவம். நடந்து பாக்கட்டும்."

தரையில் முழு அளவுக்குக் கோடு போட சுண்ணாம்புத் தூள் வேண்டும். களஞ்சியத்தில் தூள் இல்லை. கடிதம் எழுதினால் மூன்று மாதமாகும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. புத்தளத்தில் இருந்துகொண்டு வெள்ளைத் தூளுக்கு என்ன பஞ்சம்? உப்பளத்தில் அடியில் தங்குகிற அழுக்கு உப்பை ஒதுக்கித் தள்ளுவார்கள். ஒரு லொறி நிறையக் கொண்டுவந்தேன். முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றோடு உப்பைப் போட்டு, இரண்டு நாளில் ஒரு டவுனையே தரையில் விரித்துவிட்டேன். மிஸ் "கெட்டிக்காரன்" என்றா. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு முழு ஊரும் வந்தது. உப்புக் கோட்டுக்குள் நடந்தார்கள், சந்தைக்குள் போனார்கள், பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தேத்தண்ணிக் கடைக் கோட்டுக்குள் இரண்டு பேர் மண்ணில் சம்மணம் போட்டு, "சீனி குறையப் போடுங்க" என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை பலித்துவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஜெமீலா ராத்தா தோட்டத்தால் நேரே வந்தா, காலெல்லாம் மண். தெற்கு ஒழுங்கையால் உள்ளே வந்து, சந்தையைத் தாண்டி, கீழே பார்க்காமலே இடப்பக்கம் திரும்பினா. திரும்பியவ அப்படியே நின்றுவிட்டா.

"ஃபரீத், கிணறு எங்க?"

"எந்தக் கிணறு ராத்தா?"

"விளையாடாதடா. இது பள்ளிக்குப் போற ஒழுங்கை. இது மம்மலியப்பாட தேத்தண்ணிக் கடை. இதுல நிண்டா கிணறு இந்தா, இப்பிடித் தெரியோணும். எங்க அது?"

சுற்றிவரப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. சரிவான ஒழுங்கை, மூலைக் கடை, நிழல் விழுகிற பக்கம். நான் பூவரசங்குடாவைக் கீறவில்லை. எங்கள் ஊர்ச் சந்தியைக் கீறியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஏன் சிரிக்கிறார்கள், ஏன் ஒருவரும் வழி கேட்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவர்களுக்கும் காலுக்குத் தெரிந்த அளவு வாய்க்குத் தெரியவில்லை. ராத்தாவுக்கு மட்டும்தான் பிடிபட்டது. அதைவிட ஒன்று என்னைச் சுட்டது. எல்லாவற்றையும் கீறிய நான் கிணற்றை மறந்திருக்கிறேன். பிறந்ததில் இருந்து குடித்த தண்ணீர். அதை எப்படி மறந்தேன்?

ராத்தாவிடம் ஒன்றும் சொல்லாமல் விலகினேன். மிஸ்ஸிடமும் வாயைத் திறக்கவில்லை. மேற்குப் பக்கத்து ஆட்களிடம் கேட்டேன், எல்லோரும் ஓம், நல்லம் என்றார்கள். காதர் நானா சந்தைச் சுவர் வருகிற இடத்தில் நின்றார். களப்பில் நாற்பது வருசம் தொழில் செய்த மனிசன், எல்லோருக்கும் அண்ணன் முறை, ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு. களப்பைப் பார்த்தார், சிரித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களைப் பார்த்தார். "நல்லா இரிக்கு தம்பி. கீறினபடியே கட்டுங்க" என்றார். நான் மூன்று நிரலுக்கும் குறுக்கே, எழுதக்கூடாது என்று மிஸ் சொன்னதையே எழுதினேன். 'எல்லோருக்கும் சம்மதம்.' மனசாட்சி இடித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தி எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சிமெந்தில் பார்க்கவேண்டும் என்று பசி மாதிரி ஒரு ஆசை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினால், யா அல்லாஹ்! ஊரில் உள்ள அத்தனை கழுதையும் என் டவுனில் நிற்கிறது. கற்பிட்டி ரோட்டில் கழுதை திரிவது எங்களுக்குப் பழகிய சங்கதிதான். பழகியதால்தான் யோசிக்கவில்லை. கழுதைக்கு உப்பு என்றால் உயிர். கிளினிக்கைக் காணோம். பஸ் தரிப்பிடம் பாதி. சந்தைச் சுவரை ஒரு கிழட்டுக் கழுதை ஆற அமர நக்கிக்கொண்டு போகிறது. நான் "ச்சூ, ச்சூ" என்று ஓடுகிறேன், ஒன்று விலகினால் மற்றது வருகிறது. என்னோடு இறங்கிய மிஸ் முளைக் கட்டுக்கு மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தா.

"ஃபரீத், உங்கட வாசிகசாலைய முழுசா வாசிச்சு முடிச்சிட்டாங்க!"

சிரித்துக்கொண்டே எழும்பியவ தரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினா. பனிக்கு உப்பு கரைந்து மண் ஈரமாக இருந்தது. எங்கு பார்த்தாலும் குளம்படி. அதற்கு நடுவே மனிசக் காலடி ஒரே வரிசையாக, ரோட்டில் இருந்து களப்பு வரைக்கும், சந்தை வரவேண்டிய இடத்தை ஊடறுத்துப் போனது. குதிக்கால் ஆழமாகப் பதிந்திருந்தது. மிஸ் குந்தி இருந்து அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தா.

சொல்லி வைத்ததுபோல் காதர் நானா கரையில் இருந்து வந்தார். தோளில் வள்ளத்து எஞ்சின். கரையில் விட்டால் களவு போகும், அதனால் எல்லோரும் எஞ்சினை வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். ஒரு மூட்டை சிமெந்தை விடக் கொஞ்சம்தான் பாரம் குறைவு. அந்தக் காலடி வரிசையிலேயே நடந்து வந்து மிஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"காதர் நானா, நேத்து எத்தினை தரம் இதால போனீங்க?"

"எப்பவும் போல ரெண்டு தரம் மிஸ். விடியப் போக ஒண்டு, வர ஒண்டு."

"இதுல சந்தை வந்தா?"

"சுத்திப் போவம்."

"எவ்வளவு கூட வரும்?"

"சந்தி வரைக்கும் போய்த் திரும்போணும். கால்மணித்தியாலம் வரும்."

"எஞ்சினையும் தூக்கிட்டா?"

"பின்ன? அது தன்ட காலால நடந்தா வரும்?"

"அப்ப நேத்து ஏன் ஓம் எண்டீங்க?"

காதர் நானா என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பிட ஆக்கள் நேத்து சிரிச்சாங்க மிஸ். இங்க வந்து இவ்வளவு காலத்துல அவங்க அப்பிடிச் சிரிச்சு நான் காணல்ல. அந்த நேரம் நான் போய் எண்ட எஞ்சினக் கதைக்கிறதா?"

மிஸ் என் பக்கம் திரும்பினா. பென்சிலைத் தேடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஃபரீத், இது எந்த ஊர்?"

எங்கட ஊர் மிஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வளர்ந்த மனிசன், சபை உத்தியோகத்தன், கழுதைகளுக்கு நடுவே நின்று அழுதேன். காதர் நானா எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தார். அவர் கையெல்லாம் எண்ணெய் வாடை.

அந்த நேரம் ஜெமீலா ராத்தா தோட்டத்துக்குப் போகிற வழியில் எங்களைக் கண்டு வந்துவிட்டா. மிஸ் எதையும் மூடி மறைக்கவில்லை. ஃபரீத் கீறினது உங்கட சந்தி, அது வந்தால் இவங்களுடைய வழி அடைபடும், இரண்டையும் இதில் வைக்க இடம் காணாது என்று சொன்னா. பிறகு கேட்டா, "உங்களுக்கு இந்தச் சந்தி வேணுமா ஜெமீலா?"

"வேணும் மிஸ். வேணாம் எண்டு எப்பிடிச் சொல்ற? ராவு முழுக்க நான் அதுலதான் நடந்துகொண்டிருந்தன்."

ராத்தா கீழே கிடந்த எஞ்சினைப் பார்த்தா. காதர் நானாவின் தோளைப் பார்த்தா, சட்டை அந்த இடத்தில் தேய்ந்து நூலாகியிருந்தது.

"ஆனா வழி இல்லாமப் போறதெண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியும். இன்னொருத்தர்ட வழிக்கு மேல எங்கட சந்தி வர வேணாம்."

சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த உப்புச் சாக்கில் கையை விட்டு அள்ளினா. குனிந்து பின்பக்கமாக நடந்து, அந்தக் காலடிக்கு ஒரு பக்கம் கோடு போட்டா. திரும்பி வந்து மற்றப் பக்கம் போட்டா. என் சந்தியின் மிச்சத்தைத் தன் காலாலேயே மிதித்துக்கொண்டுதான் போட்டா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒடுக்கமாப் போடாத புள்ள, எதிர்ல ஆள் வந்தா எஞ்சின் இடிக்கும்" என்றார் காதர் நானா.

"அப்ப நீங்களே வந்து போடுங்களேன் நானா" என்றா ராத்தா. அவர் வந்து போட்டார். எதிரும் புதிருமாக எஞ்சினோடு இரண்டு பேர் போக, பிள்ளையோடு ஒரு பொம்பிளை ஒதுங்கி நிற்க எவ்வளவு வேண்டும் என்று நடந்து நடந்து பார்த்தார்கள். நாடாவைப் பிடித்தேன். பன்னிரண்டடி.

சந்தையைத் திருப்பினோம், பஸ் தரிப்பிடத்தைத் தள்ளினோம், மூன்று ஒழுங்கை இரண்டானது. இந்தமுறை றப்பர் தேய்ந்தது. கடைசியில் அந்தப் பன்னிரண்டடியில் என்ன எழுதட்டும் என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"ரோட்டு எண்டு எழுதினா இருபதடி கேப்பாங்க. பூங்கா எண்டா வேலி, கேட்டு, பூட்டு. பேர் வெச்சா ஒரு சட்டம் வரும் ஃபரீத். ஒண்டும் எழுத வேணாம். சும்மா விடுங்க."

சும்மா விட்டேன். பேர் இல்லாததையே காரணமாகக் காட்டிக் கடை போட ஒரு நாள் வருவார்கள் என்று மிஸ்ஸும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வேலை முடிந்த அன்று மிஸ் ஒரு வெள்ளைத் தாளைத் தந்தா. "இதுல உங்கட ஊரக் கீறுங்க. தனியா, அதுக்கெண்டு ஒரு தாள்ல. இன்னொரு ஊருக்கு மேல வேணாம்." ஒரே இருப்பில் கீறிக் கொடுத்தேன். கிணறு எந்தப் பக்கம், எத்தனை அடி என்று யோசிக்க யோசிக்கக் குழம்பியது. பிழையாகப் போட மனம் வரவில்லை, அந்த இடத்தை விட்டுவிட்டேன். மிஸ் தாளை வாங்கி வைத்துக்கொண்டா. என்ன செய்தா என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்றுச் சிலாபம் போனா, அங்கேயே காலமானா. செத்த வீட்டில் அவ மேசையில் ஒரு கிளாஸ் நிறையப் பென்சில் இருந்தது. எல்லாம் கூராகச் சீவியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்க ஏலாமல் போய்விட்டது.

சண்டை முடிந்து வழி திறந்தபோது ஜெமீலா ராத்தா ஊருக்கே திரும்பிப் போனா. போய் ஃபோன் எடுத்தா. "சந்தி இல்ல ஃபரீத். எல்லாம் காடு. கிணறு மட்டும் இரிக்கு." நான் போகவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வேலை, முழங்கால் என்று வருசத்துக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். உண்மையை இதில் எழுதிவிடுகிறேன். நான் போகாதமட்டும் அந்தச் சந்தி அங்கேதான் இருந்தது. போய்ப் பார்த்தால் எனக்கும் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

நுஸ்ரத் வந்துபோன அடுத்த கிழமை நானும் அந்தப் பிள்ளையோடு பூவரசங்குடாவுக்குப் போனேன். வாயைத் திறக்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டேன். கிழட்டுப் படவரைஞன் ஒருவன் அருகில் நின்று பாடம் நடத்தினால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

நுஸ்ரத் அந்தப் பன்னிரண்டடியில் நின்று வருகிறவர்களிடம் கேட்டா. இதுல கடை வந்தா நல்லமா? ஓம் மிஸ், நல்லம். ஓம் மிஸ், நல்லம். வட்டங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. அப்போது கரையில் இருந்து காதர் நானாவின் மகன் வந்தார். வாப்பா மவுத்தாகிப் போன பிறகு இப்போது அவர்தான் தொழில் செய்கிறார், தாடி நரைத்துவிட்டது. தோளில் எஞ்சின்.

"ஓம் மிஸ், கடை வந்தா நல்லம்தானே. சபை செஞ்சா நல்லதுக்குத்தான் செய்யும்."

நுஸ்ரத்தின் விரல் ஃபோனுக்கு மேலே போய் நின்றது. அவர் தோளைப் பார்த்தா, காலைப் பார்த்தா, திரும்பிக் கரையைப் பார்த்தா.

"நீங்க இப்ப எங்க போறீங்க?"

"ஊட்டுக்கு."

"இதாலயா?"

"வேற எதால?"

ஃபோனைப் பைக்குள் போட்டா. "நடங்க நானா, நானும் வாறன்" என்று அவருக்குப் பின்னால் அடியை எண்ணிக்கொண்டு வீடு வரைக்கும் போனா. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த சந்தோசத்தை எழுத வரவில்லை. மிஸ்ஸுக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது, சொல்ல மிஸ் இல்லை.

திரும்பி வந்து, "இதுக்கு ப்ளான்ல ஒரு பேர் வேணும் சேர், இல்லாட்டிப் பறிபோயிரும். என்ன எழுதட்டும்?" என்றா.

"என்னட்டக் கேக்காதீங்க. நடக்கிறவங்களக் கேளுங்க."

மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு பொம்பிளை நின்று பதில் சொன்னா. "என்ன புதுசாக் கேக்கிறீங்க? எஞ்சின் வழி. நாங்க எப்பவும் அப்பிடித்தானே சொல்ற." தாளில்தான் பேர் இல்லை, ஊருக்குள் அதற்குப் பேர் இருந்திருக்கிறது. நுஸ்ரத் அதையே எழுதி, அந்த வழியாலும் சுற்றியும் நடந்த அடிக் கணக்கோடு அறிக்கை கொடுத்துவிட்டா. சபை என்ன முடிவெடுக்கும் என்று இதை எழுதுகிற இன்றுவரை தெரியாது.

அறிக்கை கொடுத்த அன்று பின்னேரம் ஆவண அறையில் இருந்து அந்தப் பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தா.

"சேர், பழைய ஃபைல்ல ப்ளானுக்குப் பின்னால இன்னொரு தாள் குத்தி வெச்சிரிக்கு. உங்கட கைதான். இது எந்த ஊர் சேர்?"

"எங்கட ஊர் மகள்" என்றேன்.

"ஒரு இடத்துல மட்டும் பென்சிலால வட்டம் போட்டு, 'கிணறு' எண்டு எழுதியிரிக்கு. அந்த எழுத்து உங்கட இல்ல. முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இரிக்கு."

படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வந்ததை அப்படியே ஜெமீலா ராத்தாவுக்குத் தள்ளிவிட்டேன். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன்னால் ராத்தாவின் குரல் பதிவு வந்தது. நானும் மனைவியும் மூன்று தரம் போட்டுக் கேட்டோம்.

"ஃபரீத், கிணறு சரியான இடத்துலதான் இரிக்கு. அந்த மிஸ் என்னட்டக் கேட்டுத்தான் போட்டா, உனக்குச் சொல்ல வேணாமெண்டா. நாங்க இங்க இப்ப பதினாறு குடும்பம். சந்திப் பக்கத்துக் காட்ட இப்பதான் வெட்டினம், கடை ஒண்டு போடோணும், ஒழுங்கை எதால வந்தது எண்டு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. கிணத்துலரிந்து மம்மலியப்பாட கடைக்கு எத்தினை அடி? தாளப் பாத்துச் சொல்லு. சொல்ல வேணாம், நீயே வா. கயிறு புடிக்க ஆள் இரிக்கு, முளை வெட்டி வெச்சிரிக்கு. நீ உப்பு மட்டும் கொண்டு வா. இங்க கழுதை இல்ல."